ஒரே கூரை, ஏழு கதவு: பழைய இங்கிலாந்து பப்புக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. கோபுரப் பாலம், அருங்காட்சியகம், அரண்மனை வாசல் எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் மத்தியானம் அவர்களைப் பழைய பப் ஒன்றுக்கு அழைத்துப்போவேன். வாசலிலேயே முக்கால்வாசிப் பேர் தயங்கி நிற்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்தபின் எழுந்து வர மனமிருக்காது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

நான் குடிப்பதில்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

பார்க்கும் வேலை. 'பப்' என்பது 'பொது வீடு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அந்தப் பெயரில் மது இல்லை, வீடுதான் இருக்கிறது. ஏதாவது ஒரு பானம் வாங்கினால் போதும். லைம் சோடா எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது பெரும்பாலான பப்களில் உண்டு. குடிதண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது மது உரிமத்தின் நிபந்தனை. ஆனால் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இடத்தை அடைத்துக்கொள்வது நாகரிகமல்ல.

என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. நெற்றியில் திருநீறோடு ஹை ஹோல்பர்ன் தெருவிலுள்ள பிரின்சஸ் லூயிஸ் பப்பில் அவரை உட்காரவைத்து லைம் சோடா வாங்கிக் கொடுத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளை, இது கடை இல்லை, ரயில் பெட்டி" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கீழே சொல்கிறேன்.

குடும்பத்தோடு போகலாமா? குழந்தைகளை விடுவார்களா?

போகலாம். பெரியவர் துணையோடு குழந்தைகள் வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்தப் பப்பின் விருப்பம். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் பல இடங்களில் விடமாட்டார்கள். மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இருபத்தைந்துக்குக் கீழே தோற்றமளித்தால் அடையாள அட்டை கேட்பார்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாய்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை. மேசைக்கடியில் ஒன்று படுத்திருந்தால் பதறி எழாதீர்கள், அது உங்களுக்கு முன்பே வந்த வாடிக்கையாளர்.

'வரலாற்று உள்ளமைப்பு' என்கிறார்களே, கறுப்பு உத்தரமும் கணப்பு அடுப்பும்தானே?

அப்படி நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கறுப்பு உத்தரம், வெள்ளைச் சுவர், தொங்கும் பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றில் கணிசமானவை 1920களிலும் 30களிலும் பீர் நிறுவனங்கள் ட்யூடர் மன்னர்களின் (பதினாறாம் நூற்றாண்டு) காலத்துச் சாயலில் கட்டியவை, அல்லது இன்னும் பிந்தைய ஒப்பனை. அவற்றிலும் நல்ல கட்டடங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் தாத்தாவின் தாத்தா காலத்துக் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் தேட வேண்டியது கண்ணாடியையும் சுவர் ஓடுகளையும் மரத்தடுப்பையும்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பணக்கதை இருக்கிறது. 1830இல் வந்த ஒரு சட்டம், வரி கட்டும் எவரும் இரண்டு கினி (அன்றைய ஆங்கிலக் காசு) செலுத்தி உரிமம் பெற்றுத் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது. முன்னறையில் நான்கு பெஞ்சு போட்டவர்களெல்லாம் கடைக்காரர்களானார்கள். அதே காலத்தில் நகரங்களில் ஜின் மாளிகைகள் முளைத்தன. எரிவாயு விளக்கு, பெரிய கண்ணாடி, தங்கப் பூச்சு என்று இருட்டுத் தெருவில் அவை தீபாவளிக் கடைபோல் ஜொலித்தன. பிறகு 1890களில் பீர் ஆலைகள் பங்குச்சந்தையில் பணம் திரட்டி, ஒன்றோடொன்று போட்டி போட்டுப் பப்களை வாங்கின. வாங்கிய கட்டடத்தில் பணத்தைக் கொட்டின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விலை சரிந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்கள் தொலைத்த காசில்தான் நாம் இன்று பார்க்கும் பளிங்கும் செதுக்கலும் நிற்கின்றன.

ஒரே கடைக்கு ஏன் இத்தனை கதவு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பழைய பப்புக்கு வெளியே நின்று முதலில் கதவுகளை எண்ணுங்கள். நான்கு, ஐந்து, சில இடங்களில் ஏழு. அவை ஆட்கள் வெளியேற வைத்தவை அல்ல, ஆட்களைப் பிரித்து உள்ளே விட வைத்தவை.

விக்டோரியா காலத்துப் பப் ஒரே கூடமாக இருக்கவில்லை. நடுவில் கவுண்டர். அதைச் சுற்றி மரத்தாலும் கண்ணாடியாலும் தடுத்த அறைகள். ஒவ்வொன்றுக்கும் தெருவிலிருந்தோ நடையிலிருந்தோ தனிக்கதவு. கூலித் தொழிலாளி நுழைவது 'பப்ளிக் பார்': மரத்தரை, முதுகுசாயாத பெஞ்சு. குமாஸ்தாவும் வியாபாரியும் நுழைவது 'சலூன்'. (நமக்குச் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. சொல் ஒன்றுதான், கூடம் என்று பொருள்.) அங்கே கம்பளம், மெத்தை, கண்ணாடி. இரண்டு பக்கமும் ஊற்றுவது ஒரே பீப்பாயின் பீர். சலூன் பக்கம் விலை மட்டும் கொஞ்சம் கூடுதல். அந்தக் காசு பீருக்கல்ல, பக்கத்தில் யார் உட்காரமாட்டார்கள் என்பதற்கு.

இவற்றுக்கு நடுவே 'ஸ்னக்' என்ற சிற்றறை. நான்கைந்து பேர் முட்டிக்கொண்டு உட்காரும் அளவுதான் இருக்கும். குடிப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு அது உதவியது. பெண்களும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். இன்னொரு சிறு கதவு வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்களுக்கு. அப்பாவுக்குப் பீர் வாங்கிவர வீட்டுப் பிள்ளைகளே கூஜாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்கு வருவார்கள். வழியில் ஒரு வாய் உறிஞ்சிவிடுகிறார்கள் என்ற கவலை முற்றி, 14 வயதுக்குட்பட்டவர்கள் கையில் கொடுத்தனுப்பினால் மூடி முத்திரையிட்ட பாத்திரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று 1901இல் சட்டமே போட்டார்கள்.

என் மாமனார் சொன்ன ரயில் பெட்டி இதுதான். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. இழுப்பது ஒரே எஞ்சின்.

அந்தத் தடுப்புகள் இப்போது எங்கே? நான் போன பப் ஒரே கூடமாக இருந்ததே?

இடித்துவிட்டார்கள். மறைவிடம் அதிகமுள்ள பப்பைக் கண்காணிக்க முடியவில்லை என்று உரிமம் வழங்கும் நீதிபதிகளுக்கு எப்போதும் குறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வகுப்பு பார்த்து உட்காரும் வழக்கமும் தளர்ந்தது. குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒரே இடத்திலிருந்து எல்லாரையும் கவனிக்கலாம் என்று பீர் ஆலைகளும் கணக்குப் போட்டன. 1960களிலும் 70களிலும் தடுப்புகள் விறகாயின. வெளியே மூன்று கதவு, மூன்றின் கண்ணாடியிலும் மூன்று வேறு பெயர்கள், உள்ளே போனால் ஒரே கூடம் என்று இருக்கும் பப்களை லண்டன் முழுக்கப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடி எழுத்தை நின்று வாசித்துவிட்டு நுழையுங்கள்.

இதில் எனக்கு இரண்டு மனம். ஆளை ஆளிடமிருந்து பிரித்த மரத்தடுப்பு போனது நல்லதுதான். ஆனால் அந்த மரவேலையின் அழகைப் பார்த்தபின் 'நல்லது' என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

உள்ளே போனதும் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தலையைத் தூக்குங்கள். உட்கூரை பழுப்பும் சிவப்புமாக, பூவேலையோடு புடைத்திருக்கும். பார்க்கச் செதுக்கிய மரம்போல் இருந்தாலும், பல இடங்களில் அது லின்க்ரஸ்டா அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த அச்சுத்தாள். லின்க்ரஸ்டா 1877இல் வந்தது: ஆளிவிதை எண்ணெய்ப் பசையைத் தாளில் பரப்பி உருளையால் அழுத்தி வடிவம் எடுப்பார்கள். அந்தப் பழுப்பில் நூறு வருடத்துச் சிகரெட் புகைக்கும் பங்குண்டு. உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது 2007 ஜூலை 1ஆம் தேதிதான்.

அடுத்து கண்ணாடி. அமிலத்தால் அரித்துப் பூவும் கொடியும் வரைந்த பால்நிறக் கண்ணாடியை விரலால் தடவினால் சொரசொரக்கும். சக்கரத்தால் வெட்டியதில் விளிம்பு பள்ளமாகத் தட்டுப்படும். வெளிச்சம் உள்ளே வர வேண்டும், தெருவில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே இருப்பவன் முகம் தெரியக் கூடாது. அழகாயிருக்கும் இந்தக் கண்ணாடிகளுக்கு வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குப் போகும் மனைவி எட்டிப் பார்த்தாலும் பூ மட்டும்தான் தெரியும்.

கவுண்டரின் மேல், நிற்பவர் கண் உயரத்தில், சன்னல் கதவுபோல் சுழலும் சிறுசிறு கண்ணாடிப் பலகைகள் வரிசையாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 'ஸ்னாப் திரை' என்று பெயர், மேட்டிமைத் திரை என்று சொல்லலாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் எளியவர்களின் பார்வை தன்மேல் படாமல் கனவான் அதை மூடிக்கொள்வார், கோப்பை வேண்டும்போது மட்டும் திறப்பார். லண்டனில் ப்ளூம்ஸ்பரியிலுள்ள லாம்ப் பப்பிலும், மைடா வேலிலுள்ள பிரின்ஸ் ஆல்ஃபிரட்டிலும் இன்னும் இருக்கிறது. பிரின்ஸ் ஆல்ஃபிரட்டில் இன்னொரு வேடிக்கை: அறைகளுக்கு இடையிலான தடுப்பில் இடுப்புயரக் குட்டிக் கதவுகள். வேலையாட்கள் காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு அறைக்கறை போக வைத்தவை. இன்று வாடிக்கையாளர்கள்தான் குனிந்து போகிறார்கள். போகும்போதைவிடத் திரும்பும்போது தலையைக் கவனியுங்கள்.

சுவரில் பெஞ்சுக்கு மேலே பித்தளை அல்லது பீங்கான் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வடக்கிலும் நடு இங்கிலாந்திலும் மேல்தட்டு அறைகளில் அதை அழுத்தினால் பணியாள் வந்து ஆர்டர் எடுப்பார். இப்போது அழுத்தினால் யாரும் வரமாட்டார்கள். நான் அழுத்திப் பார்க்காமல் விட்டதில்லை.

லண்டனில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, மாமனார் உட்கார்ந்த பிரின்சஸ் லூயிஸ். கட்டடம் 1872, உள்வேலை 1891. பெயர் விக்டோரியா அரசியின் மகளுடையது. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடை முகப்புதான். கதவைத் தள்ளினால் மொசைக் தரையிட்ட குறுகிய நடை, ஒரு பக்கம் வண்ண ஓடும் தங்க எழுத்துக் கண்ணாடியுமாகச் சுவர், மறுபக்கம் செதுக்கிய மரத்தடுப்புகள். உள்ளே கவுண்டரைச் சுற்றிக் கூண்டு கூண்டாக அறைகள். தடுப்பு கவுண்டர் வரை வந்து நின்றுவிடுகிறது. அதனால் பக்கத்து அறைக்காரரின் முகம் தெரியாது, கவுண்டர்மேல் கோப்பைக்காக நீளும் கை மட்டும் தெரியும். கையை வைத்து ஆளை ஊகிப்பது எங்கள் விளையாட்டு. இந்தத் தடுப்புகளும் ஒரு காலத்தில் போனவைதான். 2007, 2008இல் உரிமையாளரான சாமுவேல் ஸ்மித் ஆலை பழைய அமைப்பின்படி மீண்டும் செய்துவைத்தது. அவ்வளவு கச்சிதமாகச் செய்திருப்பதால் எது பழசு, எது புதுசு என்று எனக்கே பல நாள் பிடிபடவில்லை.

இரண்டாவது பிளாக் ஃப்ரையர், பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஆப்பு வடிவத்தில். அந்த இடத்தில் ஒரு காலத்தில் கறுப்பு மேலாடை அணிந்த டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1538இல் மூடினார்கள். 1875 வாக்கில் எழுந்த சாதாரணப் பப்பை 1905 முதல் கட்டடக் கலைஞர் ஃபுல்லர்-கிளார்க்கும் சிற்பி ஹென்றி பூல் உள்ளிட்டவர்களும் துறவி மடமாக மாற்றினார்கள், சிரித்துக்கொண்டே. சுவரெங்கும் செம்புப் புடைப்புச் சிற்பங்கள்: மீன் பிடிக்கும் துறவி, தோட்ட வேலை செய்யும் துறவி, பாடும் துறவி. மீன் பிடிக்கும் காட்சிக்கு 'நாளை வெள்ளிக்கிழமை' என்று தலைப்பு. வெள்ளியன்று இறைச்சி விலக்கு என்பதால் முதல் நாளே மீனுக்கு அலைகிறார்கள். பின்னாலுள்ள சிற்றறை பளிங்கால் வளைத்த குகை. அங்கே சுவரில் 'அவசரம் தாமதம்', 'ஆடம்பரம் அசட்டுத்தனம்' என்ற பொருளில் வாசகங்கள். இவ்வளவு பளிங்கை இழைத்துவிட்டு ஆடம்பரத்தைக் கேலி செய்கிறார்களே என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்தச் சிற்பிகளின் குறும்பு புரியும். 1960களில் இதை இடிக்கவிருந்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்ற போராட்டம் காப்பாற்றியது.

ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸில் துணி வாங்கக் குடும்பம் போயிருக்கும் நேரத்தில் உங்களுக்கு அரை மணி கிடைத்தால், நிலையத்தை ஒட்டிய ஆர்கைல் ஆர்ம்ஸில் மூன்று சிற்றறைகளும் கண்ணாடித் தடுப்புகளும் பார்க்கலாம். சதர்க்கிலுள்ள ஜார்ஜ் விடுதி வேறு ரகம்: குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய சத்திரம், 1676 தீவிபத்துக்குப் பின் மறு வருடம் கட்டியது. மாடி நடைகள் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். முன்பு மூன்று பக்கம் இருந்தது, ரயில்வே நிறுவனம் இரண்டு பக்கத்தை இடித்துவிட்டது. இதைச் சொன்னபோது மாமனார் முகம் வாடியது.

லண்டனுக்கு வெளியே போவதாக இருந்தால்?

லிவர்பூலின் ஃபில்ஹார்மோனிக். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். பீர் ஆலை முதலாளி ராபர்ட் கெய்னுக்காக வால்டர் தாமஸ் வடிவமைத்து 1900 வாக்கில் முடிந்தது. வாசலிலுள்ள இரும்புக் கதவே ஒரு நகை. உள்ளே மொசைக் பதித்த கவுண்டர், செம்புத் தகட்டுச் சித்திரங்கள், மாளிகை போன்ற கூடங்கள். இரண்டு சிற்றறைகளுக்கு பிராம்ஸ், லிஸ்ட் என்று இசைமேதைகளின் பெயர். எதிரே இசையரங்கம் இருப்பதால் பொருத்தமாகப் படும். ஆனால் 'பிராம்ஸும் லிஸ்டும்' என்றால் லண்டன் கொச்சையில் 'நிறைபோதை' என்று பொருள். 2020இல், பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கான இங்கிலாந்து அரசுப் பட்டியலில் உச்சமான முதல் தரத்தில் சேர்ந்தது. பப்பாகவே கட்டப்பட்ட விக்டோரியா காலக் கட்டடங்களில் இந்தத் தகுதியை முதலில் பெற்றது இதுதான்.

இங்கே அதிகம் பேர் பார்க்க வருவது ஆண்கள் கழிப்பறையை. நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. ரோஜா நிறப் பளிங்குபோன்ற சிறுநீர்த் தொட்டிகளும் மொசைக்கும் ஓடுகளுமாக, சில கல்யாண மண்டபங்களைவிட எடுப்பாக இருக்கும். பெண்கள் பார்க்க விரும்பினால் கவுண்டரில் கேளுங்கள். கேட்பது புதிதல்ல.

பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் 1901இல் திறந்த பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸ், ஓட்டுவேலைக்குப் பெயர்போனது. லீட்ஸில் சந்துக்குள் ஒளிந்திருக்கும் ஒயிட்லாக்ஸ் ஒரு நீள இடுக்கு, செம்பும் கண்ணாடியும் பளபளக்கும். போகும் ஊரில் எது இருக்கிறது என்று தேட, காம்ரா என்ற அமைப்பின் பட்டியல் உதவும். 1971இல் பீர் பிரியர்கள் தொடங்கிய இயக்கம் அது. பீரைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் கட்டடத்தையும் சேர்த்துக் காப்பாற்றும் வேலையில் இறங்கி, பழைய உள்ளமைப்பு கலையாத பப்களை நாடு முழுக்கத் தேடிப் பட்டியலிட்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

'இங்கிலாந்தின் மிகப் பழைய பப்' என்று பலகை போட்டிருக்கிறார்களே?

பலகையை ரசியுங்கள், வருடத்தை நம்பாதீர்கள். நாட்டிங்காமில் கோட்டைப் பாறையைக் குடைந்த குகைகளோடு ஒட்டி நிற்கும் ட்ரிப் டு ஜெருசலம் பப்பின் சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறது. கட்டடமோ பதினேழாம் நூற்றாண்டுக்காரன். அதே ஊரில் இன்னும் இரண்டு பப்கள் தாங்கள்தான் மூத்தவர்கள் என்கின்றன. குகைக்காக அங்கே கட்டாயம் போகலாம்.

எப்படி ஆர்டர் செய்வது? உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் வரவில்லை.

வரமாட்டார்கள். நீங்கள்தான் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்கும் ஆங்கிலேயர்கள் பப் கவுண்டரில் மட்டும் வரிசை கட்டுவதில்லை. கவுண்டர் நெடுகப் பரவி நிற்பார்கள். யாருக்குப் பின் யார் என்பது ஊற்றுகிறவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும். உங்கள் முறைக்கு முன் உங்களைக் கேட்டுவிட்டால், "அவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று பக்கத்திலிருப்பவரைக் காட்டுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அங்கே நல்ல மதிப்பு. விரல் சொடுக்குவது, நாணயத்தைத் தட்டுவது கூடவே கூடாது.

டிப்ஸ் கொடுப்பது வழக்கமில்லை. மனமிருந்தால் "உங்களுக்கும் ஒன்று" என்று சொல்லலாம், அவர் சிறு தொகை சேர்த்துக்கொள்வார். கூட்டமாகப் போனால் ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிறவனை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள். முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடுகிறது என்று, அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பதையே அரசு தடை செய்து பார்த்தது. போர் முடிந்தது, தடையும் போனது, பழக்கம் போகவில்லை.

பீர் சூடாக இருக்குமாமே?

சூடு இல்லை, நிலவறைக் குளிர்ச்சி. பீப்பாயிலேயே புளித்து முதிரும் 'ஏல்' என்ற மரபுவகைப் பீர் 11 முதல் 13 டிகிரியில் இருக்க வேண்டும். பனிக்கட்டிக் குளிர்ச்சியில் வாசனை செத்துவிடும். அதை வாயு அழுத்தத்தால் தள்ளுவதில்லை. கவுண்டரிலுள்ள நீண்ட பீங்கான் கைப்பிடியை இழுத்துக் கீழேயிருந்து ஏற்றுகிறார்கள். ஜோசஃப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்ற கைப்பம்பின் வழிவந்தது அது. நம் தெருவோர அடிபம்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. லண்டனில் 6, 7 பவுண்டு ஆகலாம். அரை பைண்ட் கேட்பதில் வெட்கமில்லை. எது வேண்டுமென்று தெரியாவிட்டால் ஒரு மடக்கு சுவை பார்க்கக் கேட்கலாம்.

'இந்தியா பேல் ஏல்' என்று பலகையில் பார்த்தால் அது நம் ஊருக்கு ஏற்றுமதியான பீர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் லண்டனிலிருந்தும் பர்ட்டன் என்ற ஊரிலிருந்தும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) தூக்கலாகப் போட்ட பீப்பாய்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் மிதந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தன. குடித்தவர்கள் கம்பெனி உத்தியோகஸ்தர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

சிப்ஸ், சூப், சைவப் பை என்று ஏதாவது இருக்கும். ஆனால் வடக்கே சில இடங்களில் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சுத்த சைவர்கள் அறியாத இன்னொன்று பீரிலேயே இருக்கிறது: பீப்பாய் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய முறை. அது வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்றாலும், மனம் ஒப்பாதவர்கள் சேர்க்காத பீர் எது என்று கேட்கலாம். வெட்டிய பன்றித்தோல் வறுவல் பொட்டலம் பார்க்க நம் ஊர் அப்பளத் துண்டுபோலவே இருக்கும். ஏமாந்தவர்கள் உண்டு.

நம் நிறத்தைப் பார்த்து ஒரு மாதிரி நடத்துவார்களா?

இன்று பெரும்பாலும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. 1960களில் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில், இந்தியத் தொழிலாளிகளுக்கு நல்ல அறைகளில் ஊற்ற மறுத்த பப்கள் இருந்தன. பப்ளிக் பாருக்குப் போ என்பார்கள். வகுப்பைப் பிரிக்க எழுப்பிய தடுப்பு நிறத்தைப் பிரிக்கவும் உதவியது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் வெள்ளை நண்பர்களோடு கூட்டமாகப் போய் இதை அம்பலப்படுத்தினார். 1965 பிப்ரவரியில் அங்கே வந்த அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸுக்கும் அந்த மறுப்பு கிடைத்தது. ஒன்பதே நாளில் நியூயார்க்கில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வருட இறுதியில்தான் பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் முதல் சட்டம் வந்தது. இன்று அதே வட்டாரத்தில் பஞ்சாபிகள் நடத்தும் பப்களில் தந்தூரி கறிக்காக வெள்ளைக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கலாமா?

ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஆட்கள் முகம் படாமல், முக்காலி நிறுத்தாமல். சாமுவேல் ஸ்மித் பப்களில் பாட்டு, தொலைக்காட்சி கிடையாது, கைபேசியையும் உள்ளே பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. பிரின்சஸ் லூயிஸில் மாமனாரோடு இருந்த இரண்டு மணி நேரமும் பேச்சில் போனது அதனால்தானோ என்னவோ.

இவ்வளவு அழகான கட்டடங்களை இப்போது யாரும் இடிக்க முடியாதுதானே?

அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தவற்றை அனுமதியின்றித் தொட்டால் குற்றம். சேராதவற்றின் கதி வேறு. வடமேற்கு லண்டனில் கார்ல்ட்டன் டேவர்ன் என்ற 1920களின் பப்பைப் பட்டியலில் சேர்க்கும் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் அதன் உரிமையாளர்களான கட்டுமான நிறுவனத்தார் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. இருந்தது இருந்தபடி செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது. ஏதோ நடக்கப்போகிறது என்று சந்தேகித்து முன்கூட்டியே எடுத்துவைத்த படங்களும் ஓடுகளின் அச்சுகளும் கைகொடுத்தன. 2021 ஏப்ரலில் மறுபடி திறந்தது. ஸ்டாஃபர்ட்ஷரில், சுரங்கத்தால் ஒரு பக்கம் சாய்ந்தே நின்ற 'கோணல் வீடு' பப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் தீப்பிடித்தது, இரண்டே நாளில் தரைமட்டமானது.

எந்த நேரம் போவது நல்லது?

கட்டடத்தைப் பார்க்க என்றால் வார நாளில் காலை பதினொன்றரை, பன்னிரண்டு. ஆளிருக்காது, கண்ணாடிப் பூக்கள் வழியாக வெயில் எதிர்ச்சுவரில் விழும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு மேல் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். மத்தியானம் பூட்டிவிடுவார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது முதல் உலகப் போரில் வந்த கட்டுப்பாடு, வார நாட்களுக்கு 1988இலும் ஞாயிற்றுக்கிழமைக்கு 1995இலும் நீங்கிவிட்டது.

மனிதர்களைப் பார்க்க என்றால் இரவு. பதினொரு மணி நெருங்கும்போது கவுண்டரிலுள்ள பித்தளை மணியை அடிப்பார்கள், 'கடைசி ஆர்டர்' என்று. இரண்டாம் முறை மாமனாரை இரவில் அழைத்துப்போனேன். மணி அடித்ததும் லைம் சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். முப்பத்தைந்து வருட ரயில்வே உத்தியோகம். "உட்காருங்கள் மாமா, இது முதல் மணிதான், வண்டி கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது" என்று சொல்லி உட்காரவைத்தேன்.